இலைத் தேயிலை: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

குன்னூரில் இலைத் தேயிலை விற்கும் சிறிய கடை என்னுடையது. வருகிறவர்கள் ஊர் வேறு, வயது வேறு. கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலான சந்தேகங்களுக்கு வேர் ஒன்றுதான்: டீத்தூளுக்குப் பழகிய கை, இலையையும் அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைத்துவிடுகிறது.

டீத்தூளும் தேயிலைதானே? இலைத் தேயிலை என்று தனியாக எதைச் சொல்கிறீர்கள்?

இரண்டும் ஒரே செடியின் கொழுந்துதான். ஃபேக்டரிக்குள் போன பிறகு அதற்கு நடப்பது வேறு. ஆர்த்தடாக்ஸ் முறையில் பறித்த கொழுந்தைப் பல மணி நேரம் வாட்டி, உருட்டு இயந்திரத்தில் முறுக்கி, நொதிக்க விட்டு (காற்றோடு வினைபுரிய விட்டு), உலர்த்துகிறார்கள். இலை பெரும்பாலும் இலையாகவே சுருண்டு நிற்கும். சி.டி.சி. முறையில் பல் வைத்த இரும்பு உருளைகளுக்கு இடையே கொழுந்து நசுங்கிக் கிழிந்து குருணையாக வெளியே வருகிறது; அதுதான் டீத்தூள். 1930களில் அசாமில் தொடங்கிய முறை இது. இன்று இந்தியாவில் தயாராகும் தேயிலையில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது.

குருணையில் இலை முழுக்க உடைந்திருப்பதால் சாயம் உடனே இறங்கும், பாலையும் சர்க்கரையையும் தாங்கும். முழு இலை மெதுவாக விரியும். நிறம் குறைவு, மணம் அதிகம். ஒன்று மட்டம், மற்றது உசத்தி என்று நான் சொல்ல மாட்டேன். டீக்கடை டீக்கு முழு இலையைப் போடுவது காசுக்குக் கேடு. வெறுந்தேநீருக்குத் தூளைப் போடுவது நாக்குக்குக் கேடு.

கிரீன் டீ, பிளாக் டீ, வெள்ளைத் தேயிலை, ஊலாங் எல்லாம் தனித்தனிச் செடிகளா?

இல்லை, எல்லாமே கமீலியா சைனென்சிஸ் என்ற ஒரே இனம். அதில் சிறிய இலை உள்ள சீன வகை, பெரிய இலை உள்ள அசாம் வகை என்று இரண்டு முக்கியப் பிரிவுகள் உண்டு. ஆனால் ஒரே தோட்டத்துக் கொழுந்தில் கிரீன் டீயும் செய்யலாம், பிளாக் டீயும் செய்யலாம்.

வேறுபாடு காற்றோடு இலை எவ்வளவு நேரம் வினைபுரிகிறது என்பதில் இருக்கிறது. பறித்தவுடன் சூடு காட்டி அந்த வினையை நிறுத்தினால் கிரீன் டீ. சீனாவில் இதற்காக இலையை இரும்புச் சட்டியில் வறுப்பார்கள், ஜப்பானில் ஆவியில் வேகவைப்பார்கள். அதனால்தான் சீன கிரீன் டீயில் வறுத்த மணமும் ஜப்பானிய கிரீன் டீயில் கடற்பாசி சாயலும் வருகின்றன. வினையைப் பாதியில் நிறுத்தினால் ஊலாங், முழுக்க விட்டால் பிளாக் டீ. வெள்ளைத் தேயிலை இளந்துளிரை உருட்டாமல் வெறுமனே வாட்டி உலர்த்துவது.

பொட்டலத்தில் ஓ.பி., பி.ஓ.பி., எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி. என்றெல்லாம் போட்டிருக்கிறதே, எது உயர்ந்தது?

அவை முதன்மையாக இலையின் அளவையும் தோற்றத்தையும் சொல்லும் எழுத்துகள். ஓ.பி. என்றால் ஆரஞ்சு பீகோ, நீண்ட இலை. ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முன்னால் ‘பி’ சேர்ந்தால் உடைந்த இலை. எழுத்துகள் நீளமாகப் போனால் பொன்னிறத் துளிர் அதிகம் என்று பொருள். இலங்கையின் நல்ல பி.ஓ.பி. ஒன்று, சோம்பலாகச் செய்த எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி.யைச் சுலபமாகத் தோற்கடிக்கும். எழுத்துகளைவிடத் தோட்டத்தின் பெயரும் பறித்த மாதமும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கோப்பைக்கு எத்தனை ஸ்பூன் போட வேண்டும்?

ஸ்பூன் கணக்கு தூளுக்குச் சரி, இலைக்கு ஏமாற்றும். ஒரு டீஸ்பூன் சி.டி.சி. தூள் ஏறத்தாழ இரண்டரை கிராம் இருக்கும். பஞ்சு போல் பருத்த வெள்ளைத் தேயிலை அதே ஸ்பூனில் ஒரு கிராம்கூட நிற்காது. சமையலறைத் தராசு இருந்தால் 150 மில்லி தண்ணீருக்கு 2 முதல் 2.5 கிராம் வரை போடுங்கள். தராசு இல்லாவிட்டால் உடைந்த இலை தலை தட்டிய ஒரு ஸ்பூன், முறுக்கிய நீண்ட இலை ஒரு குவித்த ஸ்பூன், வெள்ளைத் தேயிலை என்றால் இரண்டு மூன்று ஸ்பூன்.

தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? என்னிடம் தெர்மாமீட்டர் கிடையாது.

வேண்டியதே இல்லை. பிளாக் டீக்குத் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர். ஊலாங்குக்குக் கொதித்து அடங்கியது, 90 டிகிரி அளவில். சீன கிரீன் டீக்கும் வெள்ளைத் தேயிலைக்கும் 80 டிகிரி. சென்சா என்ற ஜப்பானிய கிரீன் டீக்கு 70 டிகிரி. அங்கேயே நிழலில் வளர்த்த கியோகுரோ என்ற வகைக்கு 50, 60 டிகிரியே போதும். டார்ஜிலிங்கின் முதல் பருவ இலை பிளாக் டீ என்ற பெயரில் விற்றாலும் பாதிப் பச்சையாக இருக்கும். அதற்கு 85 முதல் 90.

கணக்கு எளிது. மூன்று பங்கு கொதிநீரில் ஒரு பங்கு சாதாரணத் தண்ணீர் கலந்தால் 80 டிகிரியை ஒட்டி வரும். மூன்று பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு சாதாரணத் தண்ணீர் என்றால் 70. சாதாரணத் தண்ணீர் என்று நான் சொல்வது சமவெளியில் இருக்கும் 28 டிகிரித் தண்ணீர். கலந்த பிறகே இலைமேல் ஊற்றுங்கள். இலைமேல் கொதிநீரை ஊற்றிவிட்டுப் பிறகு பச்சைத்தண்ணீர் விடுவதால் பயனில்லை, இலை அதற்குள் வெந்துவிடும்.

அதிக நேரம் ஊறவிட்டால் சத்து அதிகமாக இறங்கும் அல்லவா?

இறங்கும். துவர்ப்பும் கசப்பும் சேர்ந்தே இறங்கும். மணம் தரும் பொருள்களும் காஃபீனும் முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் நிறையவே வந்துவிடுகின்றன. துவர்ப்பைத் தரும் டானின் வகைகள் அதற்குப் பிறகும் விடாமல் வந்துகொண்டிருக்கும். உடைந்த பிளாக் டீக்கு இரண்டிலிருந்து மூன்று நிமிடம், முழு இலைக்கு மூன்றிலிருந்து ஐந்து. கிரீன் டீக்கு இரண்டு, சென்சாவுக்கு ஒன்றே போதும். வெள்ளைத் தேயிலை பொறுமைசாலி, ஐந்து நிமிடம் தாங்கும். நேரம் முடிந்ததும் இலையையும் நீரையும் பிரித்துவிட வேண்டும். பானையிலேயே இலையை விட்டுவிட்டு இரண்டாவது கோப்பை ஊற்றுகிறவர்கள்தான் மறுநாள் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

விலை கொடுத்து வாங்கினேன், கசக்கிறது. இலை மோசமா?

பத்தில் ஒருமுறை இலை மோசம், மற்றபடி கைப்பக்குவம். முதலில் வாயில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். நாக்கின் பின்பக்கம் பிடித்துக்கொண்டு போக மறுப்பது கசப்பு. கன்னத்தின் உட்புறமும் ஈறும் வறண்டு, நெல்லிக்காய் கடித்தது போல் இழுத்துப் பிடிப்பது துவர்ப்பு. நல்ல பிளாக் டீயில் துவர்ப்பு இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத டீ வெந்நீர். ருசி பார்க்கிறவர்கள் அந்தத் துவர்ப்பு சுறுக்கென்று வந்து விலகுகிறதா, அப்பிக்கொண்டு நிற்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். விலகினால் நல்ல டீ.

கசப்பு என்றால் சூட்டைக் குறையுங்கள். கிரீன் டீயில் கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் கொதிநீர்தான். துவர்ப்பு மிகுதி என்றால் நேரத்தைக் குறையுங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் இலையைக் குறையுங்கள். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு எது பலித்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் பழைய காகித வாசனை, புகை, பூஞ்சை நாற்றம் ஏதாவது வந்தால் அது இலையின் குற்றம். விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் டீ கலங்கலாக, மேலே எண்ணெய் போல் ஆடை படிகிறது. கலப்படமா?

தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுதி. அவை தேயிலையின் பாலிஃபீனால்களோடு (டானின் போன்ற பொருள்களோடு) சேர்ந்து மேலே மெல்லிய ஏடாகப் படர்கின்றன. சாய்த்துப் பார்த்தால் அந்த ஏடு கண்ணாடி விரிசல் விட்டது போல் உடைந்து கோப்பையின் ஓரத்தில் பழுப்புக் கோடாக ஒட்டும். நிறமும் மங்கிக் கறுத்துவிடும். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் ஏடு கரைந்து நிறம் சட்டென்று வெளிறும், அதுவே சோதனை.

ஆர்.ஓ. நீர் ஏட்டைப் போக்கும்; ஆனால் உப்பெல்லாம் உருவி எடுத்த நீரில் டீ தட்டையாக இருக்கும். ஆர்.ஓ. நீரோடு கால் பங்கு குழாய்த் தண்ணீரைக் கலந்து பாருங்கள். மழைநீர் பிடித்து வைக்கும் வீடு என்றால் அதைக் கொதிக்க வைத்து ஒருமுறை டீ போடுங்கள். பிறகு என்னிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்க மாட்டீர்கள்.

என்ன பாத்திரம் வாங்க வேண்டும்?

மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரமும் அகலமான வடிகட்டியும் போதும். சங்கிலியில் தொங்கும் அந்தச் சிறிய உருண்டை வடிகட்டி மட்டும் வேண்டாம். முழு இலை நனைந்தால் பல மடங்கு பெருக்கும், உருண்டைக்குள் விரிய இடமில்லாமல் நடுவில் காய்ந்தே கிடக்கும். ருசி பார்ப்பதற்கு உட்புறம் வெள்ளையான பீங்கான் கோப்பை நல்லது, நிறம் பொய் சொல்லாது.

பால் சேர்த்தால் பாவமா? இங்கே எல்லோரும் முறைக்கிறார்கள்.

முறைப்பவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு அடங்குகிறது. அசாம் தேயிலையும் இலங்கையின் தாழ்நிலத் தேயிலையும் பாலோடு நன்றாகவே இருக்கும். நீலகிரியின் உடைந்த இலையும் கொஞ்சம் பாலைத் தாங்கும். டார்ஜிலிங் முதல் பருவம், கிரீன் டீ, வெள்ளைத் தேயிலை ஆகியவற்றில் பால் விட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மணம் பாலுக்கடியில் போய்விடும்; அவ்வளவுதான் ஆட்சேபம். சர்க்கரைக்கும் இதே பதில். இலங்கையில் பலர் வெறுந்தேநீரில் சர்க்கரை கரைக்காமல், கித்துள் என்ற பனையினத்தின் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். டீயின் ருசியும் கெடாது, இனிப்பும் கிடைக்கும், சிக்கனமான ஏற்பாடு.

நீலகிரி, அசாம், டார்ஜிலிங், இலங்கை: ருசியில் அப்படி என்ன வேறுபாடு?

அசாம் பிரம்மபுத்திராச் சமவெளி. வெப்பமும் மழையும் மிகுதி, பெரிய இலை, கெட்டியான சாயம், மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானிய) ருசி. டார்ஜிலிங் நேர் எதிர்: குளிர்மலை, சீன வகைச் செடிகள், மெல்லிய சாயம். இந்தியாவில் புவிசார் குறியீடு முதலில் பெற்ற பொருள் அதுதான். மார்ச், ஏப்ரலில் பறிக்கும் முதல் பருவ இலையில் பூவும் பச்சை வாசமும் இருக்கும். மே, ஜூனில் வரும் இரண்டாம் பருவத்தில் மஸ்கட் திராட்சையின் மணம் ஏறும். தத்துப்பூச்சிகள் கொழுந்தின் சாற்றை உறிஞ்ச, செடி தற்காப்புக்காகச் சுரக்கும் பொருள்கள் அந்த மணத்துக்கு ஒரு காரணம். பூச்சி கடித்த இலைக்குக் கூடுதல் விலை கிடைக்கும் தொழில் வேறு எங்கே இருக்கிறது!

இலங்கையில் உயரமே எல்லாம். 600 மீட்டருக்குக் கீழே தாழ்நிலம், கறுத்த சாயம். 1,200 மீட்டருக்கு மேலே மலைநாடு, வெளிர்ந்த பொன்னிறம். நுவரெலியாவின் தேநீர் கோப்பையில் இருப்பதே தெரியாத அளவுக்கு மென்மை. ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும்போது பறித்த இலையில் புதினாவை ஒட்டிய ஒரு குளிர்ச்சி வரும். இலங்கைத் தேயிலையின் வரலாற்றை 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தோட்டத்திலிருந்து எழுதத் தொடங்குவார்கள். அந்த மலைகளைத் தோட்டமாக்கிய உழைப்பில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தமிழர்களுடையது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நீலகிரி எங்கள் வீட்டுச் சமாச்சாரம், பெருமை பேசத்தான் செய்வேன். பூவும் எலுமிச்சைச் சாயலும் கலந்த மணம், தெளிந்த சாயம். ஆண்டு முழுதும் பறிப்பு நடந்தாலும் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளை ஒட்டிப் பறிக்கும் இலைதான் முதல்தரம். குளிரில் செடி மெதுவாக வளர்வதால் மணம் செறிகிறது. வருடத்தில் ஒரே ஒரு பொட்டலம் வாங்குவதாக இருந்தால் அந்தப் பனிக்காலத் தேயிலையை வாங்குங்கள்.

வாசனைத் தேயிலை எல்லாம் எசென்ஸ்தானே?

சில எசென்ஸ், சில இல்லை. வாசனை ஏறும் வழிகள் பல. முதலாவது, இலையைப் பூவோடு படுக்க வைப்பது. சீனாவின் ஃபூஜோ நகரம் பெயர் வாங்கிய மல்லிகைத் தேயிலை இப்படித்தான் தயாராகிறது. பகலில் பறித்த மொட்டுகள் இரவில் மலரத் தொடங்கும் நேரத்தில் கிரீன் டீயோடு கலந்து விடுகிறார்கள். இலை மணத்தையும் ஈரத்தையும் குடிக்கும். காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டு இலையை மறுபடி உலர்த்தி, அடுத்த இரவு புதுப் பூ. உயர்ந்த ரகத்துக்கு இது பல இரவுகள் நடக்கும். கடைசியில் பூ இருக்காது. பொட்டலத்தில் காய்ந்த இதழ்கள் நிறையத் தெரிந்தால் அது கண்ணுக்காகப் போட்டது. அங்கே பயன்படும் பூவும் நம் மதுரை மல்லியும் ஒரே இனம், ஜாஸ்மினம் சம்பக்.

இரண்டாவது, எண்ணெய் தெளிப்பது. ஏர்ல் கிரே இந்த வகை: தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தோலின் எண்ணெய் பிளாக் டீமேல் ஏறுகிறது. ஸ்ட்ராபெரி, சாக்லேட், மாம்பழம் என்று வருபவற்றிலும் இதே வழிதான், ஆனால் பெரும்பாலும் ஆய்வகத்து வாசனை. மூன்றாவது, பொருளையே கலப்பது: ஏலக்காய், இஞ்சி, எலுமிச்சைப்புல், அல்லது ஜப்பானிய கென்மைச்சாவில் வறுத்த அரிசி. புகை தனிச் சாதி; வூயி மலையின் லாப்சாங் சூச்சோங் பைன் விறகுப் புகையில் உலர்ந்தது. முதல் வாய்க்குக் கருவாட்டுக் கடை நினைவு வரும், பழகினால் விட முடியாது.

கண்டுபிடிக்க என் வழி: பொட்டலத்தைத் திறந்ததும் மூக்கைத் துளைத்து, கோப்பையில் ஊற்றியதும் வாசனை மட்டும் மிதந்து அடியில் டீயே இல்லாததுபோல் இருந்தால் மட்டமான இலையை மறைக்கத் தெளித்திருக்கிறார்கள்.

மல்லிகைத் தேயிலையை வீட்டில் செய்து பார்க்கலாமா?

தாராளமாக. கடைப் பூ மட்டும் வேண்டாம், பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். வீட்டுச் செடியில் மாலையில் பறித்த, மறுகணம் விரியப்போகிற மொட்டுகளை எடுத்து, அதே எடை கிரீன் டீயோடு அடுக்கடுக்காகப் பரப்பி, மெல்லிய துணி மூடி இரவு முழுதும் வையுங்கள். விடிந்ததும், பூ பழுப்பாகும் முன், பொறுக்கி எடுத்துவிடுங்கள். தாமதித்தால் வாடிய பூவின் நாற்றமும் இலையில் ஏறும்.

சிரமம் அதற்குப் பிறகுதான். இலை ஈரம் ஏறித் துவண்டிருக்கும். நன்றாக உலர்ந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். வெயிலில் வைத்தால் மணம் போய்விடும். அடுப்பை அணைத்த பிறகு மிஞ்சும் இளஞ்சூட்டில் அகலமான தட்டில் பரப்பி, இலை நொறுங்கும் பதம் வரும்வரை விடுங்கள். முழுதாக உலரவில்லை என்று சந்தேகம் இருந்தால் அன்றே குடித்துத் தீர்த்துவிடுங்கள்.

மசாலா டீக்கு உங்கள் இலையைப் போட்டேன், சப்பென்று இருந்தது.

முதல் பதிலில் சொன்ன காரணம்தான்: மசாலா, பால், சர்க்கரை மூன்றையும் சமாளிக்க சி.டி.சி.தான் வேண்டும். இலையை அங்கே வீணாக்காதீர்கள். இஞ்சி போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கும் நொதி இருக்கிறது. தண்ணீரில் இஞ்சியை நன்றாகக் கொதிக்கவிட்டு, அதன்பின் பால் ஊற்றினால் திரியாது.

இலைக்கு ஏற்ற மசாலா டீ வேண்டுமென்றால் காஷ்மீரின் காவா இருக்கிறது. ஏலக்காய், பட்டை, குங்குமப்பூவைத் தண்ணீரில் முதலில் கொதிக்கவைத்து, இறக்கிச் சற்று ஆறிய பிறகு கிரீன் டீயைப் போட்டு இரண்டு நிமிடத்தில் வடிகட்டி, சீவிய பாதாமைத் தூவுங்கள். மலபாரில் பிரியாணிக்குப் பின் வரும் சுலைமானி என்ற எலுமிச்சைத் தேநீரும் இலையில் அருமையாக வரும். எலுமிச்சை விட்டதும் நிறம் வெளிறும் என்பதைத் தண்ணீர் பற்றிய பதிலில் பார்த்தீர்கள்; இங்கே அது பொன்னாகும்.

ருசி பார்ப்பவர்கள் ஏன் அப்படிச் சத்தமாக உறிஞ்சுகிறார்கள்? நாங்களும் அப்படிச் செய்ய வேண்டுமா?

வீட்டில் ஆள் இல்லாதபோது செய்யுங்கள், பலன் தெரியும். காற்றோடு சேர்த்து உறிஞ்சும்போது தேநீர் நுண்துளியாகி வாய் முழுதும் பரவுகிறது. மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு அந்த மணம்தான், சளி பிடித்தவரைக் கேளுங்கள்.

தொழில்முறைச் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தரமே உண்டு: 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீர், ஆறு நிமிடம். குடித்து மகிழ்வதற்கான அளவு அல்ல அது. குறை இருந்தால் ஒளிய முடியாதபடி கெட்டியாக எடுப்பது. வீட்டில் மூன்று தேயிலையை ஒரே அளவு, ஒரே நேரம், ஒரேமாதிரிக் கோப்பையில் ஊற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாகக் குடிக்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அருகருகே வைத்தால்தான் ஒன்று மற்றதைக் காட்டிக்கொடுக்கும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கொஞ்சம் ஆறட்டும்.

வடிகட்டிய இலையையும் கொட்டிவிடாமல் மூடியில் கவிழ்த்துப் பாருங்கள். நல்ல பிளாக் டீ என்றால் புதுச் செப்புக்காசின் நிறத்தில் பளிச்சென்று இருக்கும். கறுத்து மந்தமாக இருந்தால் நொதித்தலோ உலர்த்தலோ எல்லை மீறியிருக்கிறது. சூடாக இருக்கும்போதே அதை முகர்ந்தால், கோப்பையைவிட அதிகம் சொல்லும்.

ஒருமுறை ஊற்றிய இலையில் மறுபடியும் போடலாமா?

ஊலாங், பூ ஏர் என்ற சீனத் தேயிலை, நல்ல கிரீன் டீ, வெள்ளைத் தேயிலை எல்லாம் இதற்கென்றே பிறந்தவை. சீனர்கள் 100 மில்லிச் சிறு கிண்ணத்தில் ஐந்து கிராம் போட்டு, பதினைந்து இருபது நொடிக்கு ஒருமுறை வடித்து, ஏழெட்டு முறை குடிப்பார்கள். உருண்டையாகச் சுருட்டிய ஊலாங்கை இப்படி வடிக்கும்போது பாருங்கள்: முதல் நீரில் உருண்டை லேசாகத் தளரும், மூன்றாவதில் காம்பும் இரண்டு இலையும் துளிரும் பறித்த வடிவில் கிண்ணத்தை நிரப்பும். ருசி உச்சம் தொடுவதும் அங்கேதான். உடைந்த பிளாக் டீயில் இரண்டாம் நீர் வெறும் நிறம், வேண்டாம். நனைந்த இலையை மறுநாள்வரை வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டால் காஃபீன் போய்விடும் என்கிறார்களே?

அரை நிமிடத்தில் கொட்டினால் காஃபீனில் சிறு பங்குதான் போகும், மணத்தில் பெரும்பங்கு போய்விடும். நஷ்ட வியாபாரம். இரவில் தூக்கம் வராதவர்கள் மாலைக்குப் பிறகு தேயிலையையே தவிர்ப்பது நல்லது. வெள்ளைத் தேயிலையில் காஃபீன் குறைவு என்பதும் நம்பத் தகுந்ததல்ல. துளிரில்தான் காஃபீன் அதிகம்.

அப்படியானால் இரவில் செம்பருத்தி டீ, சங்குப்பூ டீ குடிக்கலாமா?

குடிக்கலாம், அவற்றில் காஃபீன் இல்லை, ஏனென்றால் தேயிலையும் இல்லை. சூடு, நேரம் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கைகள் இவற்றுக்குப் பொருந்தா. கொதிநீரில் ஐந்து பத்து நிமிடம் விடலாம். சங்குப்பூவின் நீலத்தில் எலுமிச்சை விட்டால் ஊதாவாக மாறும், குழந்தைகளுக்கு வேடிக்கை. ருசி என்று பார்த்தால் ஒன்றும் பெரிதாக இல்லை. கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து எடுப்பவர்களும் எந்த மூலிகையையும் மருத்துவரைக் கேட்டுக் குடிப்பதே சரி.

சாப்பிட்டவுடன் டீ குடிக்கக் கூடாதாமே?

கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தேயிலையின் பாலிஃபீனால்கள் தடுக்கும். இரத்தசோகை உள்ளவர்கள் உணவுக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கவே கூடாது.

எப்படிப் பத்திரப்படுத்துவது? ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

தேயிலைக்கு எதிரிகள் ஈரம், வெளிச்சம், காற்று, சூடு, அடுத்தவர் வாசனை. இறுக மூடும் தகர டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி, பெருங்காய டப்பாவுக்கு வெகு தள்ளி வையுங்கள். மல்லிகை மணத்தை ஓரிரவில் குடிக்கிற இலை பெருங்காயத்தை விட்டுவைக்குமா? திறந்த பொட்டலத்தை ஃப்ரிட்ஜில் வைப்பதும் அதே ஆபத்து. வெளியே எடுக்கும்போது ஈரம் வேறு கோத்துக்கொள்ளும். பிரிக்காத கிரீன் டீயை மட்டும் காற்றுப் புகாமல் ஃப்ரிட்ஜில் வைத்து, எடுத்தபின் அறைச் சூட்டுக்கு வந்ததும் பிரிக்கலாம்.

கிரீன் டீயை ஆறு மாதத்துக்குள், பிளாக் டீயை ஓராண்டு ஒன்றரை ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள். பழசானால் விஷமாகாது, மணம்தான் செத்துப்போகும். வைக்க வைக்க விலை ஏறுவது யுன்னானின் பூ ஏர் போன்ற சில வகைகளுக்குத்தான். அலமாரியில் மறந்துபோன நீலகிரிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து விலை கேட்காதீர்கள்.

சாயம் கலந்திருக்கிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

வடிதாள் ஒன்றில் கொஞ்சம் தேயிலையைப் பரப்பி, தண்ணீர் தெளித்து நனையுங்கள். சற்றுநேரம் கழித்து இலையை அகற்றி, தாளைக் குழாய் நீரில் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாயம் ஏற்றிய தேயிலை கறை விடும், சுத்தமானது விடாது. இரும்புத்தூள் சந்தேகம் என்றால் காந்தத்தை மேலே ஓட்டுங்கள்.

ஐஸ் டீ போட்டேன், ஃப்ரிட்ஜில் வைத்ததும் பால் ஊற்றியதுபோல் கலங்கிவிட்டது.

இது கடினத் தண்ணீர்க் கலங்கலிலிருந்து வேறு. கெட்டியான பிளாக் டீ குளிரும்போது காஃபீனும் பாலிஃபீனால்களும் ஒன்றோடொன்று பிணைந்து திரள்கின்றன. கெடவில்லை, கொஞ்சம் வெந்நீர் விட்டால் தெளியும். நல்ல சாயம் உள்ள தேயிலைக்கு இது அடையாளம் என்று அசாம்காரர்கள் பெருமையாகவே சொல்வார்கள். கலங்கக் கூடாது என்றால் நீலகிரித் தேயிலை எடுங்கள், அல்லது ஒரு லிட்டர் குளிர்ந்த குடிநீரில் பத்து கிராம் இலையைப் போட்டு ஃப்ரிட்ஜில் இரவு முழுதும் விட்டு வடிகட்டுங்கள். கசப்பே இல்லாமல் இறங்கும். கிரீன் டீயில் தோற்றவர்களும் இதில் ஜெயிப்பார்கள்.

நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தேன். உங்கள் கடையில் குடித்த ருசி சென்னையில் வரவில்லையே?

கேட்க வேண்டிய கேள்வி. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் குறைவு. அதாவது நான் கொதிநீர் என்று ஊற்றுவது சென்னையில் சற்று ஆறிய நீர். ஆகவே இங்கே ஐந்து நிமிடம் ஊறிய இலைக்கு அங்கே மூன்றரை, நான்கு நிமிடமே போதும். மென்மையான மணமுள்ள பனிக்காலத் தேயிலைக்கு, கொதித்த பிறகு ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள்.

அடுத்தது தண்ணீர். இங்கே வருவது உப்பு குறைந்த மலைநீர். அங்கே லாரித் தண்ணீரோ போர்வெல்லோ என்றால் மேலே சொன்ன கலவையைச் செய்து பாருங்கள். இரண்டையும் மாற்றிப் பார்த்தும் சரிவரவில்லை என்றால், அடுத்தமுறை மலைக்கு வரும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வாருங்கள். ஒரே இலையை இரண்டு தண்ணீரிலும் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்துவிடலாம். அதற்குக் காசு வாங்க மாட்டேன்.